அந்தத் தாய் அழவில்லையா? புறநானூற்றுத் தாயரும் நம் வீட்டு வீரரும்

மலர்க் குழு அன்பர்கள் இந்த ஆண்டு இலக்கியக் கட்டுரை ஒன்று தர வேண்டும் என்று கேட்டபோது முதலில் தயங்கினேன். நான் தமிழை முறையாகப் படித்துப் பட்டம் வாங்கியவன் அல்லன். வந்தவாசிப் பக்கம் ஒரு நயினார் குடும்பத்தில் பிறந்து, இருபத்திரண்டு வயதில் தில்லி வந்து, சாவ்டி பஜாரில் காகித வியாபாரம் பார்த்தவன். கடையில் ஆள் வராத மத்தியான நேரங்களில் படித்ததுதான் என் படிப்பு. ஆனாலும் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக ஒரு கடன் என் பேரில் நிற்கிறது. அதைத் தீர்க்க இந்த மலரை விட்டால் வேறு இடம் இல்லை என்று தோன்றியதால் எழுத ஒப்புக்கொண்டேன்.

1999ஆம் ஆண்டு. கார்கில் சண்டை முடிந்த சமயம். தில்லித் தமிழர்கள் கூடிய ஓர் அஞ்சலிக் கூட்டத்தில் என்னையும் பேசச் சொன்னார்கள். சங்க இலக்கியம் படித்த வியாபாரி என்று எனக்குக் கொஞ்சம் பெயர் உண்டு. நானும் மேடைப் பேச்சாளர்கள் எல்லோரும் எடுத்துக்கொள்ளும் பாட்டுகளையே எடுத்துக்கொண்டேன். மகன் புறமுதுகிட்டான் என்றால் அவன் பால் குடித்த மார்பை அறுத்தெறிவேன் என்று வாளோடு புறப்பட்ட தாய். தமையனையும் கணவனையும் இழந்த பின்னும் ஒரே மகனைப் போருக்கு அனுப்பிய தாய். "தமிழ்த் தாய் அழமாட்டாள்" என்று சொல்லி முடித்தேன். நல்ல கைதட்டல்.

கூட்டம் முடிந்து காபி குடித்துக்கொண்டிருந்தபோது ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா பக்கத்தில் வந்தார்.

"தம்பி, நல்லாப் பேசினீங்க. ஒண்ணு கேக்கணும். அந்தப் பாட்டுல வர்ற அம்மா அழவே இல்லையா?"

"இல்லம்மா. பெத்த அன்னிக்கு விட சந்தோஷப்பட்டான்னுதான் பாட்டு."

"அப்படியா. அப்ப நான்தான் சரியில்ல போல" என்றார். காபியை வாங்காமலே போய்விட்டார்.

அவருடைய மகன் சில ஆண்டுகளுக்கு முன் சியாச்சின் பனியில் போனவன் என்று பிறகு ஒருவர் சொன்னார். அன்றிரவு நான் தூங்கவில்லை. மறுநாள் கடையில் புறநானூற்றை எடுத்து வைத்துக்கொண்டு, பேச்சுக்காக அல்லாமல் அந்த அம்மாவுக்காக ஒருமுறை படித்தேன். நான் மேடையில் சொன்னது பாதிக் கணக்கு என்று அப்போதுதான் தெரிந்தது.

துறைப் பெயரிலேயே அழுகை இருக்கிறது

முதலில் 278ஆம் பாட்டு. பாடியவர் காக்கைபாடினியார் நச்செள்ளையார். நரம்பு தெரியும் மெலிந்த தோளை உடைய ஒரு கிழவி. உன் மகன் படைக்கு உடைந்து ஓடினான் என்று பலர் வந்து சொல்கிறார்கள். அவள் சினந்து வஞ்சினம் கூறி வாளோடு களத்துக்குப் போகிறாள். பேச்சாளர்கள் இந்த இடத்தில் குரலை உயர்த்துவார்கள். நானும் உயர்த்தினேன். ஆனால் அதற்குப் பிறகு புலவர் சொல்வதைக் கவனிக்க வேண்டும். அவள் அந்தச் செங்களத்தில் பிணங்களைப் புரட்டிப் புரட்டித் தேடுகிறாள். கடைசியில் மகன் துண்டுபட்டுக் கிடப்பதைக் காண்கிறாள். அப்போதுதான் மகிழ்ந்தாள் என்று பாட்டு முடிகிறது.

அந்த மகிழ்ச்சி எதனால்? ஊர் சொன்னது பொய் என்று தெரிந்ததனால் என்றுதான் நான் படிக்கிறேன். மகன் செத்தான் என்பதற்காக எந்தத் தாயும் மகிழ்வதில்லை. ஊர்வாய் அவன் பெயரைக் கெடுத்தது. அதை அவள் தன் கண்ணால் பார்த்துத் துடைத்துவிட்டாள். அந்த ஒரு கணத்தைப் புலவர் பாடியிருக்கிறார். அதற்கு அடுத்த கணத்தைப் பாடவில்லை. பாடாததை இல்லை என்று நினைத்தது என் தவறு.

நான் சொல்வது இட்டுக்கட்டு என்று யாரும் நினைக்க வேண்டாம். பாட்டின் அடியில் துறை என்று ஒன்று குறித்திருக்கிறார்கள். இந்தப் பாட்டின் துறை உவகைக் கலுழ்ச்சி. கலுழ்ச்சி என்றால் அழுகை. மகிழ்ச்சியும் கண்ணீரும் சேர்ந்த நிலை. பாட்டுக்கு முன்னோர் ஒட்டிய சீட்டிலேயே அழுகை எழுதியிருக்கிறது. நாம்தான் உவகையை வைத்துக்கொண்டு கலுழ்ச்சியைக் கிழித்துப் போட்டுவிட்டோம்.

இதற்கு முந்திய 277ஆம் பாட்டைப் பாருங்கள். பூங்கணுத்திரையார் பாடியது. துறையும் அதே உவகைக் கலுழ்ச்சிதான். யானையை வீழ்த்தி மகன் பட்டான் என்று கேள்விப்பட்ட நரைமூதாட்டியின் மகிழ்ச்சி, அவனைப் பெற்ற நாளின் மகிழ்ச்சியை விடப் பெரிது என்கிறார் புலவர். உடனே அவள் கண்ணீரையும் அளக்கிறார். மழை பெய்து ஓய்ந்த பின் மூங்கில் புதரில் தொங்கும் நீர்த்துளிகளை விட அது அதிகமாம். மூங்கில் புதரைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்தத் துளிகளை எண்ண முடியாது. இரண்டு அளவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டுப் புலவர் ஒதுங்கிக்கொள்கிறார். ஒன்றை மற்றொன்றால் கழிக்கவில்லை. வரவு வேறு, செலவு வேறு. எந்த மேடையிலும் இந்தப் பாட்டின் பின்பாதியை நான் கேட்டதில்லை.

279ஆம் பாட்டு ஒக்கூர் மாசாத்தியார் பாடியது. முந்தைய போரில் தமையன் போனான் (தந்தை என்றும் பொருள் கொள்வர்). நேற்றைய போரில் கணவன் போனான். இன்று பறை கேட்டதும், இருக்கும் ஒரே மகனைக் கூப்பிட்டு, தலைக்கு எண்ணெய் தடவி, வெள்ளைத் துணி உடுத்தி, வேலைக் கையில் கொடுத்து அனுப்புகிறாள். துறை மூதின் முல்லை. மறக்குடிப் பெண்ணின் புகழ் என்பதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் பாட்டு எப்படித் தொடங்குகிறது? இவள் சிந்தை கெடட்டும், இவள் துணிவு பொல்லாதது என்ற பொருளில் தொடங்குகிறது. பார்த்துக்கொண்டு நிற்கும் இன்னொரு பெண்ணின் பதற்றம் அது. பாடியவரும் பெண்தான் என்பதை மறக்கக் கூடாது. அந்த ஒரு பிள்ளை தவிர அவளுக்கு யாரும் இல்லை என்பதையும் புலவரே எடுத்துச் சொல்கிறார். பரட்டைத் தலைக்கு எண்ணெய் வைக்கும் கை போருக்கு அனுப்பும் கை மட்டும் அல்ல. பள்ளிக்கூடம் அனுப்பும் கையும் அதுதான்.

மனைவியின் குரல் கேட்க வேண்டுமானால் 255ஆம் பாட்டுக்குப் போக வேண்டும். வன்பரணர் பாடியது. காட்டு வழியில் கணவன் விழுந்து கிடக்கிறான். வாய்விட்டு அழப் புலிக்குப் பயப்படுகிறாள். தூக்கலாம் என்றால் அவன் மார்பு அகலம், அவளால் முடியாது. என் வளைக்கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நட, மலையின் நிழலுக்குப் போய்விடலாம் என்று செத்தவனிடம் சொல்கிறாள். இங்கே வீரமும் இல்லை, பெருமையும் இல்லை. உடம்பை வெயிலில் விடக் கூடாது என்ற ஒரே நினைப்பு. 2014இல் காஷ்மீரில் உயிர்நீத்த மேஜர் முகுந்த் வரதராஜன் கதையை 2024இல் ‘அமரன்’ என்று படமாக எடுத்தபோது, அதை அவர் மனைவியின் நினைவு வழியாகச் சொன்னார்கள். மக்கள் அதை ஏற்றுக்கொண்டார்கள். அந்த வழி நமக்குப் புதியது அல்ல என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

உடலைத் தேடுவதும் பழைய காலத்தோடு போய்விடவில்லை. 1999 மே 29 அன்று பட்டாலிக் பகுதியில் வீழ்ந்த திருச்சி மேஜர் சரவணனின் உடல், ஒரு மாதத்துக்கு மேல் கழித்துத்தான் மீட்கப்பட்டது. அந்த ஒரு மாதம் அவர் வீட்டில் எப்படிக் கழிந்திருக்கும்? களத்தில் துழாவிய அந்தக் கிழவியை விட்டால் அதைச் சொல்ல நம்மிடம் வேறு உவமை இல்லை.

கல்லில் பெயர்

அழுத பின் என்ன செய்தார்கள்? கல் நட்டார்கள். தொல்காப்பியம் புறத்திணையியலில் இதற்கு ஆறு படிகள் சொல்லியிருக்கிறது. கல்லைப் பார்த்துத் தேர்வது காட்சி. அதை எடுக்கத் தொடங்குவது கால்கோள். நீராட்டுவது நீர்ப்படை. பிறகு நடுதல், பெரும்படை, வாழ்த்து. ஒரு சாவுக்கு ஆறு வேலை. துக்கத்தில் கையும் காலும் ஓடாமல் உட்கார்ந்திருக்கும் ஊருக்கு, அடுத்தது என்ன என்று சொல்லிக் கொடுத்த முறை இது.

இதில் எனக்குத் தனிப் பெருமை ஒன்று உண்டு. புறநானூற்றில் 264ஆம் பாட்டைப் பாடியவர் ஒரு வியாபாரி. உறையூர் இளம்பொன் வாணிகனார். மாட்டை மீட்டுத் தந்து மடிந்தவனுக்கு, மாலையும் மயிற்பீலியும் சூட்டி, பெயரைப் பொறித்துக் கல்லை நட்டாயிற்று. இது தெரியாமல் அவனிடம் பரிசில் வாங்கிப் பழகிய பாணர் கூட்டம் இன்றும் வருமோ என்று கேட்டு முடிக்கிறார். பெயர் பொறிப்பதை ஒரு வணிகர் மறக்காமல் சொன்னது எனக்கு ஆச்சரியமாக இல்லை. எங்கள் தொழிலில் பெயர் இல்லாமல் எதுவும் எழுதக் கூடாது.

கல்வெட்டுகளும் இதையே சொல்கின்றன. 2006இல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் கிடைத்த தமிழ்-பிராமி நடுகற்களில் ஒன்று, கூடலூரில் நடந்த ஆகோளில் இறந்த அந்தவன் என்பவனுடைய கல். இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் பழமையானது. சில சொற்கள்தான். அதில் ஆள் பெயர் உண்டு, ஊர் உண்டு, எதற்காகச் செத்தான் என்பதும் உண்டு. எங்கள் பக்கத்துச் செங்கம் வட்டாரத்தில் இப்படி எத்தனையோ கற்கள். அதிலே எடுத்தனூர்க் கல் ஒன்று, மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில் நட்டது. எருமைக் கூட்டத்தைக் காக்கப் போய் இறந்தவன் பெயரோடு, கள்ளரைக் கடித்துக் காவல் நின்ற அவன் நாயின் பெயரையும் பொறித்திருக்கிறார்கள். நாயின் பெயர் கோவிவன். ஏழாம் நூற்றாண்டு நாயின் பெயர் இன்று நமக்குத் தெரிகிறது.

எங்கள் சமண சமயத்தில் போருக்குக் கல் இல்லை. ஆனால் செஞ்சிப் பக்கம் திருநாதர்குன்றில், ஐம்பத்தேழு நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்ட சந்திரநந்தி ஆசிரியருக்கு நிசீதிகைக் கல்வெட்டு உண்டு. அங்கேயும் பெயர், செய்த காரியம், கல் என்ற அதே வரிசை. வாளெடுத்தவனுக்கும் வாளைத் தொடாதவனுக்கும் தமிழ்நாட்டுக் கல் ஒரே மரியாதையைத்தான் செய்தது.

பலகையில் எண்

இப்போது வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டுக்கு வாருங்கள். சிறுவயதில் அப்பாவோடு பாத்திரம் வாங்கப் போகும்போது அதைப் பார்த்திருக்கிறேன், படித்ததில்லை. முதல் உலகப் போருக்கு இந்த ஊரிலிருந்து 277 பேர் போனார்கள், அவர்களில் 14 பேர் உயிர்விட்டார்கள் என்று ஆங்கிலத்தில் ஒரு கல்வெட்டு அதில் இருக்கிறது. அவ்வளவுதான். பதினான்கு பேரில் ஒருவர் பெயர் கூட இல்லை. தாயின் கண்ணீரைச் சொன்ன பாட்டின் எண்ணும் 277 என்பது தற்செயல்தான். ஆனாலும் அந்த எண்ணை எங்கே பார்த்தாலும் எனக்கு மூங்கில் துளிகள்தான் நினைவுக்கு வருகின்றன. இதே மாதிரிப் பலகைகள், இத்தனை பேர் போனார்கள், இத்தனை பேர் இறந்தார்கள் என்று இந்தியா முழுக்க எத்தனையோ ஊர்களில் உண்டு.

இராக்கில் உள்ள பஸ்ரா நினைவுச் சின்னத்தில் பிரிட்டிஷ் வீரர்கள் எல்லோர் பெயரும் இருந்தது. இந்தியர்களில் அதிகாரிகளுக்கு மட்டும் பெயர். சாதாரணச் சிப்பாய்கள் படைப்பிரிவுக்கு இத்தனை என்று எண்ணிக்கையாக நின்றார்கள். பிரிட்டிஷ் குடும்பங்களுக்கோ, கல்லறைக் கல்லின் அடியில் தங்கள் சொந்தச் சொல்லைப் பொறிக்க 66 எழுத்து வரை இடம் தந்தார்கள். இந்தப் பாகுபாட்டை காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் 2021இல்தான் அறிக்கையாக வெளியிட்டு மன்னிப்புக் கேட்டது. நாம் தினமும் கடந்து போகும் இந்தியா கேட்டும், 1921இல் அடிக்கல் நாட்டி 1931இல் திறந்தது, எழுபதாயிரத்துக்கு மேற்பட்ட இந்திய வீரர்களுக்காகக் கட்டியது. அதில் இருக்கும் பெயர்கள் பதின்மூவாயிரத்துச் சொச்சம்.

எங்கள் பேரேட்டில் ஆள் பெயர் தெரியாமல் ஒரு தொகை நின்றால் அதை அனாமத்துக் கணக்கு என்போம். வருஷக் கடைசிக்குள் யாருடையது என்று கண்டுபிடித்து உரிய பெயரில் ஏற்ற வேண்டும். ஏற்றாவிட்டால் அந்தக் கணக்குப்பிள்ளைக்கு வேலை தெரியாது என்று அர்த்தம். நாட்டுக்குச் செத்தவர்களை நூறு வருஷம் அனாமத்தில் வைத்திருந்திருக்கிறார்கள்.

என் வீட்டுக் கணக்கு

இதையெல்லாம் ஊருக்குச் சொல்லும் நான் என் வீட்டுக் கணக்கையும் காட்ட வேண்டும்.

என் தாய்மாமன் ராணுவ மருத்துவப் பிரிவில் இருந்தார். எங்கள் வீடுகளில் படைக்குப் போவது வழக்கம் இல்லை. எறும்புக்கும் பார்த்து நடக்கும் குடும்பம். தாத்தா முடியாது என்றார். "உயிரை எடுக்கப் போகலப்பா, காப்பாத்தத்தான் போறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார் மாமா. 1971 டிசம்பரில் மேற்கு எல்லையில், காயம்பட்டவர்களைத் தூக்கிக்கொண்டு வரும்போது போனார். தந்தி ஆங்கிலத்தில் வந்தது. ஊர்ப் பள்ளி ஆசிரியர்தான் படித்துச் சொன்னார். எனக்கு அப்போது பத்து வயது. உடல் வரவில்லை. எல்லைப் பக்கமே எரித்துவிட்டார்கள். சில மாதம் கழித்து ஒரு டிரங்குப் பெட்டி வந்தது.

வந்தவர்கள் எல்லோரும் பாட்டியிடம், "வீரனைப் பெத்தவ நீ, அழக்கூடாது" என்றார்கள். பாட்டியும் அவர்கள் முன்னால் அழவில்லை. பொழுது சாயும் முன்னே சாப்பிட்டு முடித்துவிடுகிற வீடு எங்களுடையது. அதற்குப் பிறகு வேலை எதுவும் இருக்காது. அந்த இருட்டுகிற நேரத்தில் பாட்டி பெட்டியைத் திறப்பார். மாமாவின் சட்டையை எடுத்து உதறி, மடித்து, மறுபடி பிரித்து மடிப்பார். சத்தமே வராது. கண்ணீர் சட்டையில் விழாமல் தலையைத் திருப்பிக்கொள்வார். "எங்க வெச்சு எரிச்சாங்களோ, ஒரு கல்லாவது வெச்சாங்களோ" என்று ஒரே ஒரு தடவை அம்மாவிடம் கேட்டதை நான் கேட்டிருக்கிறேன்.

இதைக் கண்ணால் பார்த்து வளர்ந்தவன்தான் 1999இல் மேடை ஏறித் தமிழ்த் தாய் அழமாட்டாள் என்று பேசினேன். புத்தகம் படித்தவன் வீட்டை மறந்தான்.

2019 பிப்ரவரி 25 அன்று இந்தியா கேட் பக்கத்தில் தேசியப் போர் நினைவகம் திறந்தார்கள். சுதந்திரத்துக்குப் பின் உயிர்நீத்த 25,942 பேரின் பெயர்கள், வட்டமாக அமைந்த சுவர்களில் கருங்கல் பலகைகளில் பொறித்திருந்தன. 1972 முதல் இந்தியா கேட்டில் எரிந்த அமர் ஜவான் ஜோதியையும் 2022 ஜனவரியில் இங்குள்ள சுடரோடு சேர்த்துவிட்டார்கள். திறந்த சில வாரங்களில் பேரனைக் கூட்டிக்கொண்டு போனேன். வெகுநேரம் தேடி மாமாவின் பெயரைக் கண்டுபிடித்தோம். கையை வைத்துப் பார்த்தேன். வெயிலில் கல் சுட்டது. பாட்டி கேட்ட கல் இருக்கிறது, ஆனால் கேட்டவர் போய்ப் பல ஆண்டாகிறது.

"தாத்தா, இவர் யாரு?" என்றான் பேரன். இவன் வாயில் இந்திதான் அதிகம் வரும், அன்று தமிழில் கேட்டான். அங்கேயே புல்தரையில் உட்கார்ந்து சொன்னேன். எறும்புக்குப் பார்த்து நடந்த வீடு, தாத்தாவோடு நடந்த வாக்குவாதம், தந்தி, சட்டை எல்லாம் சொன்னேன். அரசாங்கம் பெயரைப் பொறித்துவிட்டது. அதாவது நடுதல் வரை அவர்கள் செய்துவிட்டார்கள். ஆறாவதான வாழ்த்து என்பது வீட்டுக்காரர்கள் செய்ய வேண்டியது. கல்லில் இருக்கும் பெயரைப் பார்த்து யார் என்று கேட்கும் பிள்ளைக்குச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். அகநானூற்றில் ஒரு நடுகல் வருகிறது. அதில் எழுத்து தேய்ந்து போனதால் வழிப்போக்கர் படிக்க முடியாமல் கடந்து போகிறார்கள். எழுத்து தேயாத கல்லும் சொல்ல ஆள் இல்லாவிட்டால் அப்படித்தான் ஆகும்.

ஆகவே இந்த மலரின் வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம். ஊரை விட்டு வந்த குடும்பங்கள் நாம். நம்மில் பலர் வீட்டில் படையில் போன ஒரு சித்தப்பாவோ, அண்ணனோ, மகனோ இருப்பார்கள். பரணில் ஒரு பெட்டி இருக்கும். அவர் பெயர், ஊர், எந்தப் பிரிவு, எந்த ஆண்டு, எப்படிப் போனார், வீட்டில் யார் எப்படி அழுதார்கள் என்பதையும் சேர்த்து ஒரு பக்கம் எழுதி வையுங்கள். அடுத்த மலரில் அவற்றுக்கு நான்கு பக்கம் ஒதுக்கும்படி குழுவினரைக் கேட்டிருக்கிறேன். அச்சடிக்கக் காகிதம் என் பொறுப்பு.

என்னிடம் கேள்வி கேட்ட அந்த அம்மாவை 2000இல் தேடிப் போனேன். ராமகிருஷ்ணபுரம் குவார்ட்டர்ஸைக் காலி செய்து ஊருக்குப் போய்விட்டார்கள் என்றார்கள். முகவரி கிடைக்கவில்லை. இந்த மலர் எப்படியாவது அவர் கைக்குப் போனால், அன்று சொல்லியிருக்க வேண்டிய பதில் இதுதான்:

அழுதாள் அம்மா. மழை நின்ற மூங்கிலைப் போல அழுதாள். பாட்டில் இருக்கிறது. நான்தான் படிக்காமல் விட்டுவிட்டேன்.